யாருக்குச் செய்த சத்தியம்?

கலாசாலைப் படிப்பு முடியும் தறுவாயில் மாணாக்கர்கள் சின்னஞ்சிறு புத்தகம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, நண்பர்களிடமும் ஆசிரியர்களிடமும் கையெழுத்து வாங்கித் திரிவதை நேயர்கள் பார்த்திருப்பார்கள். "என்னை மறந்துவிடாதே" என்று ஒருவன் எழுதுவான். கேட்டுச் சலித்த பொன்மொழி ஒன்றை இன்னொருவன் எழுதுவான். பல வருஷம் கழித்துப் பெட்டியின் அடியிலிருந்து அந்தப் புத்தகம் அகப்படும்போது, கையெழுத்திட்டவர்களின் முகங்களோடு, அன்றைக்குத் தான் எப்படிப்பட்டவனாக இருந்தோம் என்பதும் ஒருவனுக்கு ஞாபகம் வந்துவிடும்.

இந்த வழக்கம் இன்று நேற்று உண்டானதன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மனியிலே சர்வகலாசாலைக்குப் புறப்பட்ட இளைஞன் தன் பையில் தவறாமல் எடுத்துச் சென்றது இத்தகைய புத்தகம் ஒன்று. அதற்கு 'ஷ்டாம்பூக்' என்று பெயர். அவற்றில் ஆயிரக்கணக்கானவை இன்றும் ஐரோப்பிய நூல்நிலையங்களில் பத்திரமாக இருக்கின்றன. அந்த ஏடுகளைப் புரட்டினால் தெய்வ பக்தியும், சிநேகமும், மதுவும், மங்கையரும் நிறைந்து கிடக்கும். ஆனால் அந்த நூற்றாண்டின் கடைசிப் பத்து வருஷங்களை நெருங்க நெருங்க, வேறொரு வார்த்தை அடிக்கடி தலைகாட்டுகிறது. 'சுதந்திரம்' என்பதே அந்த வார்த்தை.

சுதந்திரம் என்ற சொல் மாணாக்கர்களுக்குப் புதிதா? இல்லை. அதற்கு முன்பும் அவர்கள் நாள் முழுவதும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அதன் பொருள் மாறிவிட்டது. 'எனக்கு உண்டு, உனக்கு இல்லை' என்பது பழைய பொருள். 'எனக்கு உண்டென்றால் உனக்கும் உண்டு' என்பது புதிய பொருள். இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தைச் சிலர் தாண்டினார்கள். சிலர் அதற்குள் விழுந்தார்கள். சிலர் தாண்டியபின் திரும்பி வந்துவிட்டார்கள். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

ஊருக்குள் ஒரு தனி ராஜ்யம்

அக்காலத்தில் ஜெர்மனி என்று ஒரே தேசம் இருக்கவில்லை. பெரியதும் சிறியதுமாகப் பல நூறு ராஜ்யங்கள் இருந்தன. அவற்றினிடையே முப்பதுக்கு மேற்பட்ட சர்வகலாசாலைகள் இருந்தன. ஓர் இளைஞன் அங்கே போய்ச் சேர்ந்ததும், சர்வகலாசாலைத் தலைவரின் முன்னிலையில் பெரிய பதிவுப் புத்தகத்தில் பெயர் எழுதிக் கட்டணம் செலுத்துவான்; கட்டளைகளுக்கு அடங்கி நடப்பதாகச் சத்தியம் செய்வான். அந்த நிமிஷமே அவன் 'கலாசாலைப் பிரஜை' ஆகிவிடுவான்.

பிரஜை என்பது வெறும் உபசார வார்த்தையன்று. அவன் கடன் வாங்கி ஏமாற்றினாலும், இரவில் கூச்சலிட்டுத் தெருவைக் கலக்கினாலும், ஊர் நீதிபதி அவனைத் தொட முடியாது. சர்வகலாசாலையின் சொந்த நீதிமன்றமே விசாரிக்க வேண்டும். சர்வகலாசாலையின் சொந்தச் சிறையிலேதான் அடைக்க வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிரெடெரிக் பார்பரோஸா சக்கரவர்த்தி மாணாக்கருக்கு அளித்த சலுகையிலிருந்து வளர்ந்து வந்த உரிமை இது. பல ஊர்களில் மாணாக்கன் பிரபுக்களைப் போல இடையில் வாளும் தரித்துக்கொண்டான். தையற்காரன் மகனாயினும் சரி, பாதிரியார் மகனாயினும் சரி, வாள் தொங்குகிற வரையில் அவன் கனவான்.

ஊர் ஜனங்களை அவன் என்ன சொல்லி அழைத்தான் தெரியுமா? 'பிலிஸ்தர்'! பைபிளில் வரும் பிலிஸ்தியர்களின் பெயர் அது. பதினேழாம் நூற்றாண்டின் முடிவில் ஜெனா நகரத்தில் ஊராருக்கும் மாணாக்கருக்கும் நடந்த சண்டையில் ஒரு மாணாக்கன் கொல்லப்பட, அவனுடைய அடக்கத்தின்போது போதகர் சிம்சோனையும் பிலிஸ்தியரையும் பற்றிப் பிரசங்கம் செய்தார் என்றும், அதிலிருந்தே இப்பெயர் வந்தது என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியானாலும் பெயர் நிலைத்துவிட்டது. ரொட்டி சுடுகிறவன், துணி வெளுக்கிறவள், அறை வாடகைக்கு விடுகிற விதவை எல்லாரும் பிலிஸ்தர்கள். அவர்களுடைய ரொட்டியைத் தின்று, அவர்களுடைய வீட்டில் தூங்கி, அவர்களுக்கே கடனும் வைத்துக்கொண்டு, அவர்களை இப்படி அழைத்தான் நம் கலாசாலைப் பிரஜை!

ஆயினும் ஊரார் பொறுத்துக்கொண்டார்கள். ஏனெனில் அவர்களுடைய பிழைப்பே மாணாக்கர்களால் நடந்தது. 1790-ஆம் வருஷத்தை ஒட்டி ஜெனாவில் இருந்த ஜனத்தொகை ஐயாயிரத்துக்கும் குறைவு. மாணாக்கர்களோ சுமார் 800 பேர். இந்தக் கணக்கு மாணாக்கர்களுக்கும் நன்றாகத் தெரியும். அவர்களிடமிருந்த பிரம்மாஸ்திரம் 'வெளியேற்றம்': எல்லாருமாக ஊரைவிட்டுப் புறப்பட்டுப் போய்விடுவது! 1792 ஜூலையில் ஜெனாவில் அது நடந்தது. மாணாக்கர் கலவரத்தை அடக்க வைமார் டியூக்கின் துருப்புக்கள் ஊருக்குள் வந்தன. தங்கள் கௌரவத்துக்கு இழுக்கு நேர்ந்துவிட்டதென்று நூற்றுக்கணக்கான மாணாக்கர்கள் அணிவகுத்து ஊரைவிட்டு நடந்து, எர்ஃபர்ட் பக்கத்திலுள்ள நோரா என்னும் கிராமத்தில் போய்த் தங்கிவிட்டார்கள். சில நாட்களுக்குள் சமாதானம் ஏற்பட்டது. வெற்றி வீரர்களாகத் திரும்பினார்கள்.

அதே ஜூலை மாதம் பாரிஸில் பதினாறாம் லூயியின் சிம்மாசனம் ஆடிக்கொண்டிருந்தது; மறு மாதம் பத்தாம் தேதி அது கவிழ்ந்தே விட்டது. ஜெனா மாணாக்கர்களோ குடியானவனின் வரிப் பளுவுக்காக வெளியேறவில்லை. பத்திரிகைச் சுதந்திரத்துக்காகவும் வெளியேறவில்லை. தங்கள் சலுகைகளுக்காகவே வெளியேறினார்கள். வாட்போரை நிறுத்திவிட்டு, பிணக்குகளை மத்தியஸ்த சபை மூலம் தீர்த்துக்கொள்ளலாமென்று சொன்ன மாணாக்கர்களும் அங்கே இருக்கத்தான் இருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த பட்டம் 'சாக்கலேட் கட்சி'! வாளெடுக்க வேண்டிய இடத்தில் சாக்கலேட் பானம் அருந்திச் சமாதானமாகிறவர்களாம்!

இரண்டு வருஷம் கழித்து ஃபிக்டே என்னும் தத்துவாசிரியர் ஜெனாவுக்கு வந்தார். பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்துப் பெயர் போடாமல் நூல் எழுதியவர் அவர். படித்தவன் உலகத்துக்குப் பட்டிருக்கும் கடன் என்ன என்பது பற்றி அவர் செய்த பிரசங்கங்களைக் கேட்க மாணாக்கர்கள் முண்டியடித்தார்கள். ஆனால் "உங்கள் ரகசியச் சங்கங்களைக் கலைத்துவிடுங்கள்" என்று அவர் சொன்னபோது என்ன ஆயிற்று? அவர் வீட்டு ஜன்னல் கண்ணாடிகள் உடைந்தன! தொல்லை பொறுக்காமல் 1795 கோடையில் அவர் குடும்பத்தோடு பக்கத்துக் கிராமத்துக்குப் போய்விட்டார். உலக சுதந்திரம் வேண்டியதுதான். ஆனால் எங்கள் சங்கத்தில் கை வைக்கக் கூடாது!

இவர்கள் அரசருக்கு விரோதிகளோ என்றால் அதுவும் இல்லை. விருந்து மண்டபத்தில் 'தேசத் தந்தை' என்று ஒரு சடங்கு நடக்கும். பாட்டு முழங்க, ஒவ்வொருவனும் தன் தொப்பியை வாளில் குத்திக் கோத்து, அரசருக்கு விசுவாசமும் தோழர்களுக்கு உண்மையும் கூறிச் சத்தியம் செய்வான். இதில் முரண்பாடு எதுவும் அவனுக்குத் தோன்றவில்லை. மூன்று வருஷம் கழிந்தால் அவன் அந்த அரசரிடமே நீதிபதியாகவோ, பாதிரியாகவோ, வைத்தியனாகவோ உத்தியோகத்தில் அமர வேண்டியவன் அல்லவா? தொப்பியிலே துவாரம் விழுந்ததேயன்றி உலகத்தில் எதுவும் அசையவில்லை.

ஓக் மரத்தடியில்

1772 செப்டம்பர் 12-ஆம் தேதி இரவு. கெட்டிங்கன் நகரத்துக்கு அருகே வேண்டே என்னும் கிராமத்துப் பக்கம் நல்ல நிலா. உலாவப் போன மாணாக்கர் சிலர் ஓக் மரங்களைக் கண்டு நின்றார்கள். தொப்பிகளில் ஓக் இலைகளைச் சூடிக்கொண்டு, கைகோத்து மரத்தைச் சுற்றி ஆடி, நிலவையும் நட்சத்திரங்களையும் சாட்சியாக வைத்து நிரந்தர சிநேகத்துக்குச் சத்தியம் செய்தார்கள். 'தோப்புச் சங்கம்' என்று இலக்கிய சரித்திரத்தில் இடம்பெற்ற கூட்டம் இதுதான்.

அந்த வட்டத்தில் நின்றவர்களில் ஒருவர் யோஹான் ஹைன்ரிக் ஃபாஸ். மெக்லன்பர்க் நாட்டிலிருந்து வந்த ஏழை. அவருடைய பாட்டனார் ஒரு பிரபுவின் நிலத்தில் பண்ணையடிமையாகப் பிறந்து விடுதலை பெற்றவர். சர்வகலாசாலைக்கு வருவதற்கு முன், ஃபாஸ் ஒரு ஜமீன் வீட்டில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லி அவமானங்களை விழுங்கியவர். சில மாதங்களுக்குள் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஸ்டோல்பெர்க் சகோதரர்கள்; ஸ்டோல்பெர்க் வம்சத்தின் பிரபுக் குமாரர்கள். அடிமையின் பேரனும் பிரபுவின் மகனும் தோளோடு தோள் சேர்ந்து உட்கார்ந்து, கொடுங்கோலரைச் சபித்துக் கவிதை எழுதினார்கள். சகோதரர்களில் இளையவரான ஃபிரெடெரிக்கின் கவிதைகளில் கொடுங்கோலர்கள் மீது பொழிந்த கோபம், ஃபாஸின் கோபத்துக்குக் குறைந்ததன்று.

ஆனால் இருவரும் வெறுத்த கொடுங்கோலன் ஒருவனேதானா? ஃபாஸ் பண்ணையடிமைகளைப் பற்றியே ஒரு கவிதை எழுதினார். குதிரைக்காரர்கள் பேசுகிற பேச்சு அதில் இருந்தது. அவருக்குக் கொடுங்கோல் என்பது தாத்தாவின் முதுகில் விழுந்த கோல். ஸ்டோல்பெர்க்குக்கோ அது புராதன ரோமாபுரியிலிருந்து புஸ்தகத்தில் வந்த கோல். இந்த வித்தியாசம் அன்றைக்கு நிலவொளியில் தெரியவில்லை.

1773 ஜூலை 2-ஆம் தேதி, தங்கள் ஆதர்ச கவியான கிளாப்ஸ்டாக்கின் பிறந்த தினத்தைச் சங்கத்தார் கொண்டாடினார்கள். மேஜையின் தலைமாட்டில் காலி நாற்காலி ஒன்றை வைத்து, அதன்மேல் கவியின் நூல்களை வைத்துப் பூச்சொரிந்தார்கள். கூடவே இன்னொன்றும் செய்தார்கள். வீலாண்ட் என்ற எழுத்தாளர் பிரெஞ்சு மோகம் பிடித்தவர், ஒழுக்கம் தளர்ந்தவர் என்று அவர்களுக்கு ஆத்திரம். அவருடைய நூல் ஒன்றையும் படத்தையும் கொளுத்தினார்கள். இருபது வயசுப் பிள்ளைகளின் விளையாட்டு என்று அன்று யாரும் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் சுதந்திரம் பேசிய கூட்டத்தின் கையில் முதன்முதலாக எரிந்தது ஒரு கொடுங்கோலனின் ஆணைப் பத்திரமன்று, ஒரு புத்தகம் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. இந்தப் பிரஜைகளின் வட்டத்தில் பெண்களுக்கு இடமேயில்லை. அதே கெட்டிங்கனில் 1787-ல், சர்வகலாசாலையின் ஐம்பதாம் ஆண்டு விழாவின்போது, டொரோதேயா ஷ்லேட்சர் என்னும் பதினேழு வயசுப் பெண் தனியாகப் பரீட்சை கொடுத்துத் தேறி டாக்டர் பட்டம் பெற்றாள். அவளுடைய தகப்பனார் அங்கே புகழ்பெற்ற சரித்திர ஆசிரியர். பட்டம் அவளுக்குத்தான், ஆனால் பட்டமளிப்பு விழாவுக்குக் கன்னிப் பெண் வரக்கூடாது. ஆகவே தன் பெயர் வாசிக்கப்பட்ட சபையை அவள் ஒரு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்!

தொப்பியும் சுதந்திரமும்

தெற்கே வூர்ட்டம்பர்க் ராஜ்யத்தில் டூபிங்கன் என்ற ஊர். அங்கே பழைய மடாலயம் ஒன்றில் நடந்து வந்த கல்லூரிக்கு 'ஷ்டிப்ட்' என்று பெயர். சாப்பாடும் படிப்பும் இலவசம். அதற்குப் பிரதியாக, ஆயுள் முழுவதும் அந்நாட்டின் மத ஸ்தாபனத்துக்கே ஊழியம் செய்வதாக மாணாக்கன் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கறுப்பு அங்கி அணிய வேண்டும், தப்பு செய்தால் அன்றைய சாப்பாட்டு மது நிறுத்தப்படும், பெருந்தப்புக்குச் சிறை. இந்த இடத்தில் ஒரே காலத்தில் படித்து, ஓர் அறையிலேயே வசித்தவர்கள் மூவர்: ஹெகல், ஹெல்டர்லின், ஷெல்லிங். பின்னால் இருவர் உலகம் அறிந்த தத்துவ ஞானிகளானார்கள். நடுவில் சொன்னவர் ஜெர்மன் பாஷையின் மகாகவிகளில் ஒருவரானார்.

1789 ஜூலை 14-ஆம் தேதி பாரிஸில் பாஸ்டில் சிறைக்கோட்டை விழுந்தது. செய்தி டூபிங்கனை எட்டியதும் மடாலயச் சுவர்களுக்குள் புது ரத்தம் ஓடிற்று. பிரெஞ்சுப் பத்திரிகைகள் கைமாறின. ஹெகலின் கையெழுத்துப் புத்தகம் கிடைத்திருக்கிறது. அதில் நண்பர்கள் சுதந்திரத்துக்கும் ரூஸோவுக்கும் ஜே போட்டு எழுதியிருக்கிறார்கள். கொடுங்கோலருக்கு எதிராக முழங்கியிருக்கிறார்கள். இவர்கள் ஊர்ப்புறத்தில் சுதந்திர மரம் நட்டு அதைச் சுற்றி ஆடினார்கள் என்றும் ஒரு கதை உண்டு. ஆராய்ச்சியாளர்கள் அதை நம்பத் தயங்குகிறார்கள். ஆனால் கையெழுத்துப் புத்தகத்தைப் பற்றிச் சந்தேகமில்லை.

அதே 1789-ஆம் வருஷத்தின் இறுதியில் டூபிங்கன் தெருவில் நடந்த ஒரு சின்னச் சம்பவத்தைக் கேளுங்கள். ஏழைத் துணை உபாத்தியாயர் ஒருவர் வந்துகொண்டிருந்தார். ஷ்டிப்ட் மாணாக்கர்களைக் கண்டால் அத்தகைய உபாத்தியாயர்கள் தொப்பியை எடுத்து வணக்கம் செய்ய வேண்டுமென்பது எதிர்பார்ப்பு. அவர் செய்யவில்லை. எதிரே வந்த மாணாக்கன் அவருடைய தொப்பியைத் தட்டிக் கீழே தள்ளிவிட்டான். அதற்காகக் கல்லூரிச் சிறையில் அடைபட்டும் கிடந்தான். அந்த மாணாக்கன் யார் என்கிறீர்கள்? சுதந்திரத்தையும் மானிட ஜாதியையும் பாடிய ஹெல்டர்லின்தான்!

இதைப் படித்துவிட்டு, "எல்லாம் வெளிவேஷம்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அவருடைய பாட்டும் உண்மை. தொப்பியைத் தட்டின கையும் உண்மை. பழைய சுதந்திரமும் புதிய சுதந்திரமும் ஒரே மனிதனுக்குள் ஒரே வருஷத்தில் குடியிருந்தன. புதியதை வாயால் பாடுவது எளிது. பழையதைக் கையிலிருந்து உதறுவதுதான் கடினம்.

ரென் நகரத்துத் தெருக்கள்

டூபிங்கன் இளைஞர்கள் தூரத்திலிருந்து பார்த்த நாடகத்தில், திரை விலகுவதற்கு முன்பே மேடையேறிவிட்ட மாணாக்கர்களும் இருந்தார்கள். பிரான்ஸின் மேற்கே பிரெத்தான் மாகாணத்தின் தலைநகரம் ரென். அங்கே சட்டம் படித்த மாணாக்கர்களின் தலைவர் ழான் விக்டோர் மோரோ. வக்கீலின் மகன், வயசு இருபத்தைந்து.

1788 மே மாதம் அரசரின் மந்திரிகள் மாகாண நீதிமன்றங்களின் அதிகாரத்தைக் குறைத்து உத்தரவிட்டார்கள். 'பார்லமான்' எனப்பட்ட அந்த நீதிமன்றத்தில் அமர்ந்திருந்தவர்கள் பரம்பரைப் பிரபுக்கள். ஆயினும் மாகாணத்தின் பழைய உரிமை போகிறதே என்று ரென் மாணாக்கர்கள் கொதித்தெழுந்தார்கள். பிரபுக்களுக்குப் பக்கபலமாகத் தெருவில் நின்றார்கள். மோரோவுக்குப் 'பார்லமான் சேனாதிபதி' என்றே பெயர் வந்துவிட்டது. அதுவரையில் இது பழைய கதைதான்: சலுகையைக் காக்கும் போர்.

சில மாதங்களுக்குள் வேறொரு கேள்வி பிறந்தது. மாகாண சபையில் வரி செலுத்தும் சாமானிய ஜனங்களுக்கு எத்தனை இடம்? வரிப்பளுவைப் பிரபுக்களும் சுமப்பார்களா? அரசனிடம் உரிமை கேட்ட பிரபுக்கள், ஜனங்கள் தங்களிடம் உரிமை கேட்டபோது கதவைச் சாத்திவிட்டார்கள். அப்போதுதான் மாணாக்கர்களுக்குக் கண் திறந்தது. நேற்றுவரை யாருக்காக நின்றார்களோ அவர்களுக்கு எதிராகவே திரும்பினார்கள்.

1789 ஜனவரி 26-ஆம் தேதி பிரபுக்களின் வேலைக்காரர்களும் சுமை தூக்குவோரும் ரென்னில் கூட்டம் போட்டார்கள். கூட்டம் கலைந்ததும் மாணாக்கர்கள் மீது பாய்ந்தார்கள். பல்லக்குத் தூக்குகிறவர்கள் தோளில் மாட்டும் தோல்வாருக்கு 'பிரிக்கோல்' என்று பெயர். அதனால் அந்த நாளுக்கும் அப்பெயரே வாய்த்தது. மறுநாள் மாணாக்கர்கள் ஆயுதத்தோடு வந்தார்கள். தெருவில் வாளோடு வாள் மோதிற்று. இளம் பிரபுக்கள் இருவர் மாண்டார்கள். மற்ற பிரபுக்கள் தங்கள் சபை கூடிய மண்டபத்துக்குள் முற்றுகைக்கு ஆளானார்கள். அவர்களோடு நின்ற வாலிபன் ஒருவன் பின்னால் பெரும் எழுத்தாளனாகி இந்த நாளை வர்ணித்திருக்கிறான், அவன்தான் ஷாதோபிரியான். மாண்ட இருவரில் ஒருவன் அவனுடைய பள்ளித் தோழன். செய்தி கேட்டு நான்த் நகரத்து இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் ரென்னுக்கு அணிவகுத்து வந்தார்கள். பாஸ்டில் விழுவதற்கு ஐந்தரை மாதம் முன்பே நடந்தவை இவை.

1790 ஜனவரியில் பொன்டிவி என்ற ஊரில் பிரெத்தான், ஆன்ழூ மாகாணங்களின் இளைஞர்கள் கூடினார்கள். மோரோ தலைமை வகித்தார். சுதந்திரமாக வாழ்வோம், இல்லையேல் சாவோம் என்று சத்தியம் செய்தார்கள். அடுத்த மாதம் அதே ஊரில் இரு மாகாணத்து நகரங்களின் பிரதிநிதிகள் கூடி, தங்கள் மாகாணங்களின் தனிச் சலுகைகள் யாவற்றையும் துறப்பதாகவும், இனித் தாங்கள் பிரெஞ்சு நாட்டுப் பிரஜைகளே என்றும் பிரகடனம் செய்தார்கள். நேயர்கள் கவனிக்க வேண்டிய வார்த்தை 'துறப்பதாக' என்பது. 1788-ல் சலுகையைக் காக்கப் புறப்பட்டவர்கள், இரண்டு வருஷத்துக்குள் சலுகையைக் கைவிடுவதே சுதந்திரம் என்ற இடத்துக்கு வந்துவிட்டார்கள். ஜெனா மாணாக்கர்கள் தாண்டாத பள்ளத்தை இவர்கள் தாண்டினார்கள்.

மூன்று நாள் விசாரணை

டப்ளின் நகரத்து டிரினிடி கல்லூரியில் மாணாக்கர்கள் வாளைக் கோத்துச் சத்தியம் செய்யவில்லை, வாதம் செய்தார்கள். எட்மண்ட் பர்க் மாணாக்கராக இருந்தபோது 1747-ல் தொடங்கிய வாதச் சங்கத்தின் வழியில் வந்தது அங்கிருந்த 'சரித்திர சபை'. பார்லிமெண்டைப் போலவே அங்கே தலைவரும் தீர்மானமும் வாக்கெடுப்பும் உண்டு. நாளைக்கு நாட்டை ஆளப் போகிறவர்கள் நாமே என்று அம்மாணாக்கர் தங்களை எண்ணிக்கொண்டார்கள். ஆனால் அயர்லாந்தோ இங்கிலாந்தின் பிடியில் இருந்தது. நாட்டில் பெரும்பான்மையோரான கத்தோலிக்கர்கள் அந்தக் கல்லூரியில் பட்டம் பெறுவதற்கே 1793 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது.

நடப்பு அரசியலைச் சபையில் பேசக்கூடாதென்று கட்டுப்பாடு. அதனால் என்ன? சாஸ்திரமும் இலக்கியமும் செழிப்பது பிரபுக்களாட்சியிலா, ஜனநாயகத்திலா என்று பழைய சரித்திரத்தை வைத்து வாதிப்பார்கள். பேசுவது ஏதென்ஸைப் பற்றி. கேட்பவர்களுக்குப் புரிவது அயர்லாந்தைப் பற்றி! அந்த வாதங்களில் எல்லாரையும் கவர்ந்தவர் ராபர்ட் எம்மெட். அவருடைய நண்பர் தாமஸ் மூர், பின்னாளில் பெரிய கவி. மூர் பழைய ஐரிஷ் மெட்டு ஒன்றைப் பியானோவில் வாசித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த எம்மெட் கனவிலிருந்து விழித்தவர்போலத் துள்ளியெழுந்து, இந்த மெட்டுக்கு நடைபோடும் இருபதினாயிரம் வீரர்களின் முன்னே தாம் நிற்கக்கூடாதா என்றாராம்.

1798 ஏப்ரலில் லார்டு சான்ஸலரான கிளேர் பிரபு கல்லூரிக்கு நேரில் வந்தார். அவரும் அங்கே படித்தவர்தான். 'ஐக்கிய ஐரிஷ்காரர்' என்ற புரட்சிச் சங்கம் கல்லூரிக்குள் புகுந்துவிட்டதென்று அவருக்குத் தகவல். மூன்று நாள் விசாரணை நடந்தது. மாணாக்கர்கள் ஒவ்வொருவராக அழைக்கப்பட்டார்கள். "சத்தியம் செய்து, தெரிந்ததைச் சொல்" என்பதே உத்தரவு. மறுத்தால் கல்லூரியிலிருந்து நீக்கம். எந்தத் தொழிலுக்கும் கதவடைப்பு.

பதினெட்டு வயசு மூரின் முறை வந்தது. மளிகைக் கடைக்காரரின் மகன், கத்தோலிக்கர், பெற்றோரின் நம்பிக்கை முழுவதும் அந்தப் படிப்பில்தான். தம்மைப் பற்றி எது கேட்டாலும் சொல்லத் தயார், ஆனால் மற்றவர்களை மாட்டிவைக்கும் கேள்விக்குப் பதில் சொல்லும் சத்தியத்தைச் செய்ய முடியாது என்று அவர் மறுத்தார். பிறரைப் பற்றிய கேள்விக்கு மௌனம் சாதிக்கும் உரிமையோடு, கடைசியில் சத்தியம் செய்தார். தப்பினார். எம்மெட்டோ விசாரணைக்கு வரவேயில்லை. தமது பெயரைக் கல்லூரிப் பதிவிலிருந்து எடுத்துவிடும்படி எழுதி அனுப்பிவிட்டார். முடிவில் 19 மாணாக்கர்கள் நீக்கப்பட்டார்கள்.

நேயர்களே, ஜெனாவின் பதிவுப் புத்தகத்தில் பெயர் எழுதிய மாணாக்கனை நினைத்துப் பாருங்கள். அந்தப் பெயர்தான் அவனுக்கு வாளும், கௌரவமும், நீதிமன்றமும் தந்தது. டப்ளினில் இருபது வயசு இளைஞன் ஒருவன் அதே மாதிரிப் புத்தகத்திலிருந்து தன் பெயரைத் தானே அடிக்கச் சொல்கிறான். ஏன்? அந்தப் பெயரை வைத்துக்கொள்ள வேண்டுமானால் தோழனைக் காட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது.

புத்தகத்தின் கடைசி ஏடு

இவர்களெல்லாம் பிறகு என்ன ஆனார்கள்?

எம்மெட் 1803 ஜூலை 23-ஆம் தேதி டப்ளினில் கலகக்கொடி தூக்கினார். ஏற்பாடுகள் எல்லாம் குலைந்து, சில மணி நேரத்தில் கலகம் அடங்கிற்று. அந்த இரவிலே ஜனக்கூட்டம் ஒன்று பிரதம நீதிபதி கில்வார்டன் பிரபுவை வண்டியிலிருந்து இழுத்துக் கொன்றது. எம்மெட் விரும்பாத கொலை அது. செப்டம்பர் 20-ஆம் தேதி அவர் தூக்கிலிடப்பட்டார், வயசு 25. தம் தேசம் மற்ற தேசங்களின் வரிசையில் இடம்பெறும் வரையில் தமது கல்லறையில் எவரும் எதுவும் எழுத வேண்டாம் என்று நீதிமன்றத்தில் கேட்டுக்கொண்டார்.

மோரோ குடியரசின் மாபெரும் சேனாதிபதிகளில் ஒருவரானார். 1794-ல் அவர் குடியரசுக்காகப் போர்முனையில் வென்றுகொண்டிருந்தபோது, அதே குடியரசு அவருடைய தகப்பனாரைக் கில்லட்டினுக்கு அனுப்பியது. அப்பொழுதும் அவர் சத்தியம் தவறவில்லை. 1800-ல் ஹோஹன்லிண்டன் போரில் வென்றார். பின்பு நெப்போலியனோடு பகைத்து, 1804-ல் நாடு கடத்தப்பட்டார். 1813-ல் ருஷ்யச் சக்கரவர்த்தியின் பக்கத்தில், பிரெஞ்சுச் சேனைக்கு எதிரே நின்றபோது, டிரெஸ்டனில் பீரங்கிக் குண்டு பட்டு மாண்டார். பிரான்ஸுக்குச் செய்த சத்தியமும் நெப்போலியனுக்குச் செய்யும் சத்தியமும் ஒன்றல்ல என்று அவர் எண்ணினாரா? அல்லது பொன்டிவியையே மறந்துவிட்டாரா? சரித்திரம் இரு பக்கமும் பேசுகிறது.

டூபிங்கன் நண்பர்களில் ஹெல்டர்லின் சித்தம் கலங்கி, நெக்கர் நதிக்கரைக் கோபுரம் ஒன்றில் 36 வருஷம் வாழ்ந்து 1843-ல் மறைந்தார். ஹெகல் பெர்லினில் பிரஷ்ய அரசரின் கீழ்ப் பெரிய ஆசிரியரானார். ஆனாலும் ஜூலை 14-ஆம் தேதி பாஸ்டிலின் நினைவாக மதுக்கிண்ணத்தை உயர்த்துவார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர் காலமான பின், அவருடைய கருத்துக்களின் செல்வாக்கை ஒடுக்குவதற்காகவே 1841-ல் பிரஷ்ய அரசர் பெர்லினுக்கு ஒருவரைத் தருவித்தார். வந்தவர், பழைய அறைத் தோழர் ஷெல்லிங்!

ஓக் மரத்தடித் தோழர்கள் இருவரின் கதையே மனசை மிகவும் உறுத்துகிறது. ஸ்டோல்பெர்க் உயர்ந்த உத்தியோகத்தில் அமர்ந்தார். சிநேகத்தை மறக்காமல், 1782-ல் ஆய்டின் என்ற ஊரில் ஃபாஸுக்குப் பள்ளித் தலைமையும் வாங்கிக் கொடுத்தார். பாரிஸ் புரட்சியை முதலில் வாழ்த்திய அவர், சீக்கிரத்திலேயே அதை வெறுத்தார். 1800-ல் கத்தோலிக்க மதத்தைத் தழுவி, பழைய பாதையிலே ஆறுதல் தேடினார். ஃபாஸ் பத்தொன்பது வருஷம் மனசுக்குள் வைத்திருந்து, 1819-ல் ஒரு நீண்ட குற்றப் பத்திரிகையை வெளியிட்டார். ஃபிரிட்ஸ் ஸ்டோல்பெர்க் எப்படிச் சுதந்திரத்தை இழந்தவன் ஆனான் என்பதே அதன் தலைப்பு. அந்த வருஷ முடிவிலேயே ஸ்டோல்பெர்க் இறந்து போனார். ஃபாஸ் செய்தது கொடுமை என்பார் உண்டு; நியாயம் என்பார் உண்டு. ஆனால் ஃபாஸின் பாட்டனார் பிறந்த மெக்லன்பர்க்கில் பண்ணையடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது அதற்கும் அடுத்த வருஷம், 1820-லேதான் என்பதை நினைத்துக்கொண்டால், அந்தக் கிழவரின் கோபம் ஓரளவு விளங்கும்.

இன்னும் ஒன்று சொல்லாமல் முடிக்கலாகாது. 1933 மே 10-ஆம் தேதி ஜெர்மனியின் பல சர்வகலாசாலை நகரங்களில் மாணாக்கர்கள் தீவட்டி ஏந்தி ஊர்வலம் வந்து, மலைமலையாகப் புத்தகங்களைக் கொளுத்தினார்கள். அவற்றில் கெட்டிங்கனும் ஒன்று. நூற்றறுபது வருஷம் முன்பு வீலாண்டின் நூலைக் கொளுத்திய பிள்ளைகள் இதைக் கனவிலும் விரும்பியிருக்க மாட்டார்கள். ஆனாலும் தேசம், நட்பு, கௌரவம், சத்தியம் ஆகிய அதே வார்த்தைகளைத்தான் 1933-லும் மாணாக்கர்கள் உச்சரித்தார்கள். வார்த்தைகள் ஒருவனைக் காப்பாற்றுவதில்லை.

நம் வீட்டுப் பிள்ளையின் கையெழுத்துப் புத்தகத்தில் யாராவது 'சுதந்திரம்' என்று எழுதியிருந்தால் அதைப் பார்த்து நாம் சந்தோஷப்படலாம். எழுதியவனிடம் ஒரே ஒரு கேள்வி மாத்திரம் கேட்டு வைப்பது நல்லது: "தம்பி, தெருவில் உனக்கு வணக்கம் சொல்லாமல் போகிற ஏழை உபாத்தியாயர் தலையிலும் அந்தத் தொப்பி இருக்கலாம் அல்லவா?"